பலகையில் அடங்காத வால்

கையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, க்ரீம் எதுவும் தடவக் கூடாது, நகை இருக்கக் கூடாது என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்கள். மங்கையர்க்கரசி காலையில் இரண்டு கைகளையும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள், துடைத்தாள், முகர்ந்து பார்த்தாள், தேங்காய் எண்ணெய் வாடை இன்னும் இருப்பது போலத் தோன்றியதால் மறுபடியும் தேய்த்தாள். அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவள் வளையலைக் கோட்டை விட்டாள். இப்போது நரம்புப் பரிசோதனை அறைக்கு வெளியே, உட்கார்ந்தால் சில்லென்று ஏறுகிற ஸ்டீல் நாற்காலியில் இருந்தபடி, இரண்டு பொன் வளையல்களையும் கழற்றிப் பக்கத்தில் இருந்த அண்ணன் மகள் இளவேனிலின் கையில் மாட்டிவிட்டாள். பைக்குள் போட்டால் எங்கேயாவது விழுந்து தொலையும், வேனில் கையில் கிடந்தால் பத்திரம். “கழுத்து வலிக்கு வளையலை எதுக்கு அத்தை கழட்டணும்?” என்று வேனில் கேட்டாள். “கழுத்துலேர்ந்துதானேடி கைக்கு நரம்பு வருது,” என்றாள் இவள், வகுப்பில் பேசுகிற அதே குரலில். சொன்னதில் பொய் இல்லை. கழுத்து வலி என்று வீட்டில் சொல்லி வைத்திருந்ததுதான் பொய். அந்தப் பொய்யும் ரொம்ப நாள் நிற்கும் என்று தோன்றவில்லை. அத்தைக்குக் கழுத்து வலி என்றால் எந்தப் பெண்ணாவது ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ் பிடித்து வருவாளா? இவள் வந்திருக்கிறாள். வந்தவள் ஒன்றும் தோண்டித் துருவிக் கேட்கவும் இல்லை. வலது முழங்காலை மட்டும் விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறாள், சேர்த்து முடுக்கிய நாற்காலி வரிசை முழுவதும் கூடவே ஆடுகிறது. காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது என்று அதட்ட வாய் வரை வந்தது. அப்புறம் அடக்கிக்கொண்டாள். ஆடட்டும். ஆட்ட முடிகிற கால், ஆட்டிவிட்டுப் போகட்டும்.

இடது கை மடியில் கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக எதிரே இருந்த குடிநீர் மெஷினையே பார்த்தாள். நீல விளக்கு, சிவப்பு விளக்கு, சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர். டம்ளரை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள், ஆனால் கட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் எதிலாவது கட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. கட்டு விட்டால் போச்சு. பார்த்துவிட்டாள். கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி அழுத்தினால், புறங்கையில் அந்த இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு சின்ன மேடு எழும்ப வேண்டும். வலது கையில் எழும்புகிறது, உளுந்து வடையை அமுக்கின மாதிரி கொழுக்கென்று. இடது கையில் அந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. பல் தேய்க்கிற நேரத்தில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது ஒரு தடவை என்று இரண்டு கையையும் சேர்த்து வைத்து அழுத்திப் பார்ப்பது ஒரு வியாதி போலவே ஆகிவிட்டது. சில சமயம் சும்மா இருக்கும்போதே அந்தச் சதை துடிக்கும், தோலுக்கு அடியில் ஒரு புழு புரண்டு படுக்கிற மாதிரி. ஒரு நாள் சேலை கட்டும்போது கொசுவம் விரலிலிருந்து நழுவியது. பிடித்து மறுபடி மடித்தாள், மறுபடி நழுவியது. சேலை மழமழப்பு, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பருத்திச் சேலைக்கு மாறினாள். பருத்தியும் நழுவியது. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவே இல்லை, கட்டில் விளிம்பில் பாவாடையோடு உட்கார்ந்து, அண்ணா, அண்ணா என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். இதை நினைக்கும்போது அவளை அறியாமலே இடது முழங்கை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டது, கன்னம் உள்ளங்கையில் சாய்ந்தது. “அத்தை போஸ் கொடுத்தாச்சு,” என்றாள் வேனில். வீட்டில் இது பழைய கேலி. பேப்பர் திருத்தும்போதும் சரி, பரீட்சை ஹாலில் காவல் இருக்கும்போதும் சரி, கூட்டத்தில் தலைமை ஆசிரியர் பேசும்போதும் சரி, மேசை விளிம்பில் இடது முழங்கையை ஊன்றிக் கன்னத்தைத் தாங்கிக்கொண்டால்தான் இவளுக்கு மூளை வேலை செய்யும். சுண்டு விரல் மரத்துப் போயிருந்தது. உதறிவிட்டுக்கொண்டாள். ஒரே மாதிரி உட்கார்ந்தால் யாருக்கும்தான் மரத்துப் போகும்.

சம்பந்தண்ணனுக்குச் சட்டைப் பொத்தானில் ஆரம்பித்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த மனுஷன், எட்டாத உயரத்தில் இருக்கிற நட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார் என்று பெயர், அவருக்கு மேல் பொத்தான் துளையில் நுழைய மாட்டேன் என்றது. சரோஜா அண்ணி போட்டுவிட்டாள். “புது மாப்பிள்ளைக்கு மறுபடியும் ஆசை வந்துடுச்சு,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து இன்றைக்கும் அழுகிறாள். பொத்தானுக்கு அப்புறம் சாவி, சாவிக்கு அப்புறம் சோற்றுக் கவளம், அப்புறம் நடை, அப்புறம் பேச்சு, கடைசியில் விழுங்குவது. மூளைக்கு ஒன்றும் இல்லை, நினைவு பிசகவில்லை, சதையை அசைக்கிற நரம்பு செல்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகிற நோய். அதற்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை இவள் மனசுக்குள்ளேகூடச் சொல்வதில்லை. ‘அது’ என்றுதான் நினைப்பாள், பாம்பைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறவர்களைப் போல. அண்ணனுக்குப் பரிசோதனை செய்த நாளில் இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. இந்த வெயிலில் மழையா என்று ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம்தான் டாக்டர் சொன்னார், சதைக்குள் ஊசியைச் செருகி அதை ஸ்பீக்கரில் கேட்பார்களாம், சும்மா இருக்கிற நல்ல சதை சத்தமே போடாதாம், நரம்பு கைவிட்ட சதைதான் இப்படிப் புலம்புமாம். கடைசி மாதங்களில் அண்ணனுக்குக் கண் இமை மட்டும்தான் மிச்சம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து க, ங, ச என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள், அவர் கண்ணைச் சிமிட்டினால் நிறுத்தி, அந்த எழுத்தின் வரிசையைச் சொல்லுவாள், மறுபடி சிமிட்டுவார், ஓர் எழுத்து சேரும். ஒரு சாயங்காலம் ரொம்ப நேரம் மல்லுக்கட்டி இரண்டு எழுத்துச் சேர்த்தார்கள். கொ. சு. கொசு. போர்வையை விலக்கிப் பார்த்தால் புறங்காலில் ரத்தம் குடித்து உப்பிப் போய் ஒன்று உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ. அவருக்குக் கடிப்பது தெரிந்திருக்கிறது, அரிப்புத் தெரிந்திருக்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டேதான் கிடந்திருக்கிறார், அடிக்கத்தான் கை இல்லை. மங்கையர்க்கரசி அந்தக் கொசுவை அடித்தாள். உள்ளங்கையில் ஒட்டிய ரத்தம் அண்ணனுடையது. அதைக் கழுவ மனசு வராமல் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தாள்.

இவ்வளவுக்கும் அவள் விலங்கியல் ஆசிரியை. அதுதான் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்ல முடிந்தால். ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் காத்துக் கருப்பு என்று நினைத்து ஒரு தாயத்தைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால், பலகையின் இடது ஓரத்தில், ஒரு நட்சத்திரத்தைக் கசக்கிவிட்ட மாதிரி ஓர் உருவம் போடுவாள். இதுதான் செல் உடலம். நடுவில் உட்கரு. சுற்றிலும் கிளைகிளையாக நீட்டிக்கொண்டிருப்பது டென்ட்ரைட், ஊர்க்கதையெல்லாம் உள்ளே வாங்குவது இதன் வேலை. வாங்கினதை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆக்சான், அதை அவள் வால் என்றுதான் சொல்லுவாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தால் மறக்க மாட்டார்கள். வாலைச் சுற்றி மையலின் உறை, கொழுப்பால் ஆனது, மின்கம்பிக்கு ரப்பர் மாதிரி. உறை விட்டுவிட்டு இருக்கும், சேதி அந்த இடைவெளிகளில் தாவித் தாவிப் போகும், நடந்து போகிறதைவிடத் தாவிப் போனால் சீக்கிரம்தானே. வால் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே ஒட்டாத ஒரு சந்து. அங்கே வந்து மின்சாரம் நின்றுவிடும், ரசாயனம்தான் நீந்திக் கடக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று தொடாது பாருங்க, நம்ம ஊர்ல சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி, என்பாள். இன்னொரு சிரிப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, மற்ற செல்லெல்லாம் செத்தா புதுசு வரும், இது செத்தா செத்ததுதான், பிறக்கும்போது கொண்டாந்ததை வெச்சுத்தான் கடைசி வரைக்கும் ஓட்டணும், என்பாள். அந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும், முன்பெல்லாம் பிடிக்கும். அண்ணன் போய்ச் சேர்ந்த வருஷம் அந்த வாக்கியத்துக்கு வந்தபோது நாக்கு எழவில்லை. படத்தை வரைந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “டீச்சர், வால் எவ்வளவு நீளம் போடணும்?” என்று ஒரு பெண் கேட்டாள். வருஷா வருஷம் ஒருத்தி கேட்பாள். “நீளமா போடாதீங்க, நோட்டுல இடம் பத்தாது. குட்டையா போட்டு நடுவுல ரெண்டு சாய்கோடு வெட்டிக் காட்டுங்க,” என்று வருஷா வருஷம் சொல்லுகிற பதிலைச் சொன்னாள்.

உணர்ச்சி நரம்பு என்றும் இயக்க நரம்பு என்றும் இரண்டு பத்தியாகப் பிரித்து வேறுபாடு எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் கொடுக்கிற அவளுக்கு, மூன்று வாரமாகத் தன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு படம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. தண்டுவடத்துக்குள் அந்தக் கசங்கின நட்சத்திரம், ஒளி மங்கிப் போய், கிளைகள் சுருங்கிப் போய், ஒன்று அணைகிறது, பக்கத்தில் இன்னொன்று அணைகிறது, கரண்ட் போகிற தெரு மாதிரி. நரம்புக்கு எல்லாம் அல்லது ஏதுமில்லை என்று ஒரு விதி உண்டு, தூண்டினால் முழுசாகப் பாயும், இல்லையென்றால் சும்மா கிடக்கும், அரைகுறை கிடையாது. அவளுக்கும் அப்படி ஒரு பதில் கிடைத்தால் போதும், உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. ஆனால் அண்ணனைப் பார்த்த பெரிய டாக்டர் சொன்னது, “இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது இல்லம்மா.” பெரும்பாலும். அந்த ஒரு சொல்லில் ஏறிக்கொண்டு அவள் பயம் இத்தனை தூரம் வந்துவிட்டது. அப்பா நாற்பது வயசில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். இருந்திருந்தால் அவருக்கும் வந்திருக்குமோ என்னவோ, யாருக்குத் தெரியும். தனக்கு வந்தால் அது அப்பா வழி ரத்தம் என்று முடிவாகிவிடும். அப்படியானால் இதோ, பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிற இவள்? தன்னைப் பற்றிய பயத்தை மங்கையர்க்கரசி எப்படியோ மென்று விழுங்கிவிடுவாள், கல்யாணம் குழந்தை குட்டி என்று ஒன்றும் இல்லை, பென்ஷன் உண்டு, அண்ணி உண்டு. வேனில் விஷயம் தொண்டையில் நிற்கிறது. போன தையில் ஒரு நல்ல வரன் வந்தது, பிடிக்கவில்லை என்றாள். அதற்கு முன்னால் வந்ததும் பிடிக்கவில்லை. எவனையாவது மனசில் வைத்திருக்கிறாள் என்று அண்ணி சந்தேகப்படுகிறாள். வைத்திருக்கட்டும், நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு இல்லை என்று மட்டும் இன்றைக்கு வந்துவிட்டால் அவளுக்கும் இல்லை என்று ஆகிவிடும், தாயுமானவருக்கு வாழைத்தார் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிற சாமியிடம் போய் நரம்புக்கு வேண்டுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் தார் தார்தான், வேண்டுதலை மாற்றவில்லை. கதவு திறந்தது. “மங்கையர்க்கரசி,” என்று நர்ஸ் கூப்பிட்டாள். முழுப் பெயரை வெளியாட்கள் சொல்லும்போது யாரோ கோயில் சுவரில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், எழுந்திருக்க ஒரு நொடி ஆயிற்று. வேனில் காலாட்டுவதை நிறுத்திவிட்டாள்.

உள்ளே ஏசி எலும்பைக் குடைந்தது. கை சில்லிட்டிருந்தால் சேதி மெதுவாகத்தான் போகும், சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லி நர்ஸ் வெந்நீர்ப் பை ஒன்றைக் கையில் கொடுத்தாள். டாக்டர் ஃபரீதா சின்ன வயசு, முக்காட்டுக்கு மேல் மாஸ்க், கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மங்கையர்க்கரசி ரொம்ப முயற்சி செய்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “பயப்படாதீங்கம்மா, சுருக்குன்னு ஷாக் அடிக்கும், கை தானா உதறும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம்.” இடது கையின் அந்தப் பள்ளத்தில் ஒட்டுப்பட்டை மாதிரி ஒன்றை ஒட்டினார்கள், அதிலிருந்து ஒயர் மெஷினுக்குப் போனது. மணிக்கட்டில் இரண்டு முனை வைத்த கருவியை அழுத்தினார் டாக்டர். சுரீர். அவளைக் கேட்காமலே விரல் துள்ளியது. திரையில் ஒரு மேடு எழும்பி இறங்கியது. மேடு பெரிசா சின்னதா, எவ்வளவு இருக்க வேண்டும், அவளுக்குத் தெரியவில்லை, பாடப்புத்தகத்தில் அது இல்லை. விரல் துள்ளினது அவளுக்கு ஏனோ கண்ணீரை வரவழைத்தது. அண்ணன் விரலும் இப்படி அவரைக் கேட்காமல் துள்ளியிருக்குமா? டாக்டர் கருவியை மேலே நகர்த்தினார், முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே. சுரீர். அதே துள்ளல், அதே மேடு. அப்புறம் முழங்கையைத் தாண்டி மேல்கையின் உட்பக்கம். சுரீர். வலித்தது, முன்னைவிட அதிகமாகவே வலித்தது. ஆனால் விரல் லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. திரையில் மேடு இல்லை, ஒரு சின்ன மடிப்பு. டாக்டர் ம் என்றார். கரண்டைக் கூட்டினார், மறுபடி. மடிப்புத்தான். முழங்கைக்குக் கீழே இறங்கினார், மேடு. மேலே ஏறினார், மடிப்பு. கீழே. மேலே. மங்கையர்க்கரசி வலியை மறந்துவிட்டுத் திரையையும் முழங்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், டென்னிஸ் பார்க்கிறவளைப் போல. கீழே தட்டினால் கேட்கிறது. மேலே தட்டினால் கேட்கவில்லை. அப்படியானால் சேதி நடுவில்தான் எங்கேயோ நிற்கிறது. நடுவில் என்ன இருக்கிறது? முழங்கை இருக்கிறது. முழங்கையில் என்ன இருக்கிறது? வால் இருக்கிறது.

வால். கழுத்துக்குள் இருக்கிற அந்தச் செல்லின் வால் தோளைத் தாண்டி, மேல்கையில் இறங்கி, முழங்கை எலும்புக்குப் பின்னால் வளைந்து, மணிக்கட்டில் புகுந்து விரல் வரை ஒரே வாலாக வருகிறது. அந்தச் செல்லைத் தேங்காய் அளவுக்குப் பெருக்கிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வைத்தால், அதன் வால் காவிரிப் பாலம் வரை போகும். அத்தனை நீளத்தையும் ஒரு சாண் கோடாகப் போட்டு, நடுவில் இரண்டு சாய்கோடு வெட்டி, வெட்டின இடத்தில் ஒன்றும் இல்லை என்று அவளே நம்பிவிட்டாள். மூன்று வாரமாக அவள் பார்த்ததெல்லாம் பலகையில் இருந்த செல், தலையும் கிளையும் பெரிசாக, வால் குட்டையாக. விரலில் கோளாறு என்றால் தலையில்தான் என்று நினைத்தாளே தவிர, இவ்வளவு நீளமான ஒன்று வழியில் எங்கேயாவது மிதிபட்டிருக்கும் என்று தோன்றவே இல்லை. “சுண்டு விரல் மரத்துப் போகுதாம்மா?” என்று டாக்டர் கேட்டார். போகிறது, எப்போதும் போகிறது, ஆனால் இங்கே அனுப்பிவைத்த டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தாள், அண்ணனுக்கு மரத்துப் போனதில்லை என்பதால் அதை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அண்ணனுக்குக் கொசு கடித்தது தெரிந்தது. ‘அது’ வந்தால் உணர்ச்சி போகாது, அதைக் கண்ணால் பார்த்தவள், கையால் அடித்தவள். “போகுது டாக்டர்,” என்றாள். “ரொம்ப நாளாவே போகுது.”

இருந்தாலும் ஊசி பாக்கி இருந்தது. ஊசியை நினைத்ததும் வந்த தெம்பெல்லாம் வடிந்துவிட்டது. டாக்டர் முதலில் அந்தப் பள்ளத்திலேயே செருகினார். ஸ்பீக்கர் கரகரத்தது, அப்புறம் டப், டப், டப் என்று ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம். மழை. சின்னத் தூறல்தான், ஆனால் மழை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “இது அதே நரம்பும்மா, இங்க கொஞ்சம் கேக்கத்தான் செய்யும்,” என்றது டாக்டர் குரல். “மத்த இடத்தைப் பாப்போம்.” கட்டை விரல் அடியில் ஒரு குத்து. செருகும்போது ஒரு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. மேல்கையில், ஒன்றுமில்லை. தோளில், ஒன்றுமில்லை. வலது கையில், ஒன்றுமில்லை. கெண்டைக்காலில் குத்தினபோது, இதுதான், இங்கேதான் ஒளிந்திருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏசி ஓடுவது கேட்டது. நர்ஸின் செருப்பு தரையில் உரசுவது கேட்டது. வெளியே யாரோ ஒரு குழந்தையை அதட்டுவது கேட்டது. ஸ்பீக்கரில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அவள் வகுப்பில் எத்தனையோ தடவை சத்தம் போடாதீங்க என்று பிரம்பால் மேசையைத் தட்டியிருக்கிறாள், இப்படி ஒரு மௌனத்தை அவளுக்கு எந்த வகுப்பும் கொடுத்ததில்லை. “எல்லாம் அமைதியா இருக்கும்மா,” என்றார் டாக்டர் ஃபரீதா, முதல் தடவையாக அந்தக் கண்கள் சிரித்தன. “முழங்கைலதான் நரம்பு நசுங்கியிருக்கு. நீங்க பயந்தது இது இல்ல. டேபிள்ல முழங்கையை ஊனிக்கிற பழக்கம் உண்டா?” மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதாள். “டீச்சர் நான், டாக்டர். பழக்கமா, அதுதான் என் உத்தியோகமே,” என்றாள். முழங்கையை இனி எங்கேயும் ஊன்றக் கூடாது, ராத்திரி மடக்கிவைத்துத் தூங்கக் கூடாது, பட்டை ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும், சரியாகாவிட்டால் ஒரு சின்ன ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். காலை வெட்டச் சொல்லியிருந்தால்கூட அந்த நேரத்தில் சரி என்றிருப்பாள்.

வெளியே வந்தபோது வராந்தாவில் வெயில் பளீரென்று இருந்தது, டம்ளர் சங்கிலி மினுங்கியது, எல்லாவற்றின் மேலும் அவளுக்கு ஒரு பாசம் பொங்கியது. வேனில் எழுந்து நின்றுவிட்டாள். நிற்கிற நிற்பைப் பார்த்ததும் கழுத்து வலியாவது மண்ணாவது, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. “ஒண்ணும் இல்லடி,” என்றாள் மங்கையர்க்கரசி. “முழங்கைதான். போஸ் கொடுத்துக் கொடுத்தே நரம்பு நசுங்கிப் போச்சாம்.” வேனில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். வேனில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள், அண்ணன் போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை, வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தன. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். கொஞ்சம் அடங்கினதும் வேனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்போ நமக்கு இல்லைல்ல அத்தை?” என்று கேட்டாள். நமக்கு. ஆமாண்டி, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். காலையிலிருந்து சாமியிடம் பேரம் பேசினது அதைத்தானே. வாய் திறந்தபடியே நின்றது. எனக்கு வந்திருந்தால் அவளுக்கும் வரலாம் என்பது சரி. எனக்கு இல்லை என்பதால் அவளுக்கு இல்லை என்பது எந்த ஊர்க் கணக்கு? அதையும் இதே வாய்தான் பலகையில் கட்டம் போட்டுச் சொல்லித் தருகிறது, கூடப்பிறந்த இரண்டு பேரில் ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்கு வராமல் போகும், வராதவள் தப்பித்தாள், வந்தவரின் பிள்ளைக்கு அது பாதிக்குப் பாதி. அண்ணனுடையது பரம்பரையாக வந்தது இல்லை என்றால் ஒன்றுமில்லை. பெரும்பாலும் இல்லை. அவள் இன்றைக்கு வாங்கிக்கொண்டு வந்த நல்ல சேதி அவளுக்கு மட்டும்தான், அதில் ஒரு துளிகூட இந்தப் பெண்ணுக்குப் பங்கு கொடுக்க முடியாது. போன தையில் வந்த வரனும் அதற்கு முந்தின வரனும் ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. எவனும் இல்லை அவள் மனசில். அங்கே இருந்தது அவள் அப்பாவின் சட்டைப் பொத்தான்.

“வளையலைக் குடு,” என்றாள் மங்கையர்க்கரசி. வேனில் கையை நீட்டினாள். காலையில் போட்டுவிடும்போது வழுக்கிக்கொண்டு போன வளையல் இப்போது கையில் சிக்கிக்கொண்டது. “கட்டை விரலை உள்ள மடக்கு,” என்று சொல்லி, வலது கையால் அவள் கையைப் பற்றி, புறங்கைச் சதையை அமுக்கிக்கொண்டே மெல்ல இழுத்தாள். ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. வந்த பிறகும் அவள் கையை விடவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த அந்த மேட்டை அவள் விரல் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது, விட்டது, மறுபடி அழுத்தியது. கொழுக்கென்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்து நிமிர்ந்தபோது வேனில் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. “நானும் தினம் பாத்துட்டுதான் இருக்கேன் அத்தை,” என்றாள். மற்ற கையையும் அத்தையின் மடியில் கொண்டுவந்து வைத்தாள். “இதையும் பாருங்க.”